விசா மேற்றிராணியாரும் உபதேசியார் பிலவேந்திரனும்

சனிக்கிழமை வந்தாலே உபதேசியார் பிலவேந்திரனுக்கு மண்டையிடி ஆரம்பித்துவிடும். அன்றைக்குத்தான் மாலைப் பூசைக்கு முன்னால் கருத்துகளை வாசிக்க வேண்டும். யாருக்காக, எதற்காக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசிப்பது உபதேசியாரின் வேலை. அவர் வேலைக்கு வந்த புதிதில் கருத்துகள் பத்தைத் தாண்டியதில்லை. இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற்றிக்கு நாலு, காய்ச்சலுக்கு ரெண்டு, பிள்ளைப்பேறுக்கு ஒன்று, சம்பா நல்லபடியாக வீடு வந்து சேர ஒன்று. இப்போது எழுபது எண்பது வருகிறது. துபாய் விசா சீக்கிரம் கிடைக்க வேண்டி. மலேசியா ஒர்க் பெர்மிட் கிடைக்க வேண்டி. மெடிக்கலில் அன்ஃபிட் ஆகாமல் இருக்க வேண்டி. ஒரு தடவை ஒரு அம்மாள் மருமகனின் பாஸ்போர்ட் நம்பரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிவிட்டாள். கோயிலில் அடக்கமாகியிருக்கும் மேற்றிராணியார் விசாவை ஆள் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதாம்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் நத்தப்படுகை என்று ஒரு ஊர். இருநூறு வீடு, பாதி கிறிஸ்தவர்கள், பாதி இந்துக்கள், எல்லோருக்கும் நெல்லுதான் பிழைப்பு. ஊர் வேதக்கோயிலுக்குள் வலது பக்கச் சுவரோரம் ஒரு கல்லறை இருக்கிறது. போர்ச்சுக்கல் தேசத்திலிருந்து வந்து இந்த மண்ணில் உயிர்விட்ட தோம் ஜெரோனிமோ என்ற மேற்றிராணியாரின் கல்லறை. இந்தக் காலத்தில் ஆயர் என்கிறார்கள், பிஷப் என்கிறார்கள். நத்தப்படுகையில் மட்டும் அவர் இன்னும் மேத்ராணியார்தான்.

தொண்ணூற்றிரண்டு வரைக்கும் அந்தக் கல்லறையை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அந்த வருசம் ஐப்பசி மழையில், நாற்றுக் கட்டோடு வந்த துரைராசு ஒதுங்க இடமில்லாமல் கோயிலுக்குள் நுழைந்தார். துரைராசு கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர், மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவர் தம்பி ராம்கிக்கு எட்டு மாதமாக சிங்கப்பூர் விசா இழுத்துக்கொண்டிருந்தது. ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே கல்லறைக் கல்லைப் பார்த்திருக்கிறார். மேற்றிராணிமார் சின்னமான அகன்ற தொப்பி அதில் செதுக்கியிருக்கும். தொப்பியின் விளிம்பு ரெண்டு பக்கமும் நீண்டிருக்கும். அதிலிருந்து கயிறும் குஞ்சங்களும் தொங்கும். துரைராசு கண்ணுக்கு விளிம்பு இறக்கையாகவும், குஞ்சங்கள் ஜன்னல்களாகவும் தெரிந்தன. ஆக, அது பிளேன். அன்று சாயங்காலமே ராம்கிக்கு விசா வந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அவ்வளவுதான். மறுநாள் பொழுது விடிவதற்குள் ஊருக்கே விசயம் தெரிந்துவிட்டது.

"தொப்பிய்யா அது, தொப்பி" என்று பிலவேந்திரன் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார்.

"எறநூத்தம்பது வருசத்துக்கு முந்தியே பிளேன் வரும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அதான் மகான்" என்றார் துரைராசு.

இப்படிப்பட்டவரோடு என்னத்தைப் பேசுவது? நாலே வருசத்தில் கும்பகோணத்திலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் ஆட்கள் டவுன் பஸ் மாறி மாறி வந்து இறங்க ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கல்லறைமேல் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். ரெண்டு தடவை தீப்பிடித்தது. சனிக்கிழமை தவறாமல் அந்தக் காகிதக் குப்பையை அள்ளுவதும் உபதேசியாரின் வேலையில் சேர்ந்துவிட்டது.

பிலவேந்திரன் எப்படிப்பட்ட ஆள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெய்யைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வராது. அதனால் அவருக்கும் நிம்மதி இல்லை, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. செபத்தில் ஒரு சொல் பிசகினால் நிறுத்தச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பார். ஒரு அடக்கத்தில், எண்பது வயது வாழ்ந்த பெரியவர் என்று பங்குச் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து "எழுபத்தி நாலு" என்று திருத்தினார். பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஞானஸ்நானப் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. அதில் எழுபத்தி நாலு என்றுதான் இருக்கிறது என்றால் அவர் என்ன செய்வார்?

அந்தப் பதிவேட்டால்தான் ஊரில் பாதிப் பேர் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். வயதுக்கு அத்தாட்சி அதுதான். வெளிநாட்டு வேலைக்கு வயது குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. "ஒரு நம்பரைத்தானே மாத்தச் சொல்றோம், குடியா முழுகிடும்?" என்று வந்து நிற்பார்கள். கோழி கொண்டுவருவார்கள். கண்ணீர் விடுவார்கள். பிலவேந்திரன் பதிவேட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொள்வார்.

மேற்றிராணியாரின் உண்மையான கதை அந்த ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முன்பு பங்கில் இருந்த சாமியார் ஒருவர் போர்த்துக்கீசு படித்தவர். கோவாவிலிருந்து மேற்றிராணியாரின் கடிதங்களுக்கு நகல் வரவழைத்துத் தமிழில் எழுதி வைத்திருந்தார். மாற்றலாகிப் போகும்போது அந்த நோட்டைப் பிலவேந்திரன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிலவேந்திரன் அதை மனப்பாடமாகும் அளவுக்குப் படித்திருந்தார். படிக்கப் படிக்க அவருக்கு எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அந்த மேற்றிராணியார் ஒரு மகானே இல்லை.

தோம் ஜெரோனிமோ ஒலிவத் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. இருபது வயதில் சந்நியாசியாகி, நாற்பத்தைந்தில் மேற்றிராணியாராக அபிஷேகம் செய்யப்பட்டு, ஆயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டில் கப்பலேறினார். இங்கே கடற்கரைப் பட்டணம் ஒன்றில் அவருக்கு மேற்றிராணியார் ஆசனம் குறித்திருந்தார்கள். ஒரு வருசம் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினால், கரையில் ஒரு கடிதம் காத்திருந்தது. மேற்றிராணியாரை நியமிக்கிற உரிமை போர்ச்சுக்கல் ராஜாவுக்கா, ரோமாபுரிக்கா என்று மேலே சண்டை மூண்டிருக்கிறது. அது தீரும்வரை நீர் ஆசனத்தில் அமரக் கூடாது, குருப்பட்டம் கொடுக்கக் கூடாது, ராஜாவின் உத்தரவு இல்லாமல் ஊர் திரும்பவும் கூடாது. மொத்தத்தில், இருந்த இடத்தில் இரும்.

பட்டணத்துச் சாமியார்கள் அவரை உள்ளே சேர்க்கவில்லை. உள்நாட்டுக்கு வந்தார். நத்தப்படுகை விவசாயி ஒருவர் ஆற்றங்கரையில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து அவர் கடிதம் எழுதினார். மொத்தம் நாற்பத்து மூன்று. கடிதம் போக ஒரு வருசம், பதில் வர ஒரு வருசம். பெரும்பாலும் பதிலும் வராது. கடிதம் முழுக்கப் புலம்பல்தான். கொசு. சேறு. புழுங்கல் சோற்று வாசனை குடலைப் பிரட்டுகிறது. என் செருப்பை வெள்ளம் கொண்டுபோயிற்று. எனக்குப் பின் வந்தவன் எல்லாம் ஆசனம் ஏறிவிட்டான். முதல் ஐந்து வருசம் ஆசனம் கேட்டார். அப்புறம் ஆசனத்தை விட்டுவிட்டு, ஊருக்குப் போக மட்டும் உத்தரவு கேட்டார். பதினொரு வருசம் காத்திருந்தார். ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ஐப்பசி அடைமழையில் விஷக்காய்ச்சல் கண்டு செத்துப்போனார். அவர் ஊர் திரும்பலாம் என்று ராஜாவின் உத்தரவு பதினான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது.

இவரிடம் போய்த்தான் விசா கேட்கிறார்கள். தன் பேப்பரையே வாங்கத் தெரியாத மனுஷனிடம்.

திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஹம்தான் டிராவல்ஸ் நடத்தும் ஜெக்கரியா பாயிடம் பிலவேந்திரன் ஒருநாள் நேராகவே போய்ச் சண்டை போட்டார். காரணம் இருந்தது. விசா எப்போது வரும் என்று நச்சரிக்கிறவர்களை எல்லாம், "நத்தப்படுகை மேத்ராணியாரு கல்லறையில ஒம்பது சனிக்கிழமை திரி ஏத்துங்க, வந்துரும்" என்று பாய் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஒம்பது வாரம் அவனுங்க என் கழுத்த அறுக்காம இருப்பானுங்கல்ல, உபதேசியாரே" என்றார் ஜெக்கரியா. "எம்பசி பண்ற தாமதத்துக்கு நான் எங்க போயி பதில் சொல்றது? டீ சாப்பிடுங்க."

"பொய் சொல்லி அனுப்புறீங்களே, பாய்."

"பொய்யா? ஒம்பது வாரத்துல பாதிப் பேருக்கு வந்துருது. மீதிப் பேருக்கு இன்னும் ஒம்பது."

பிலவேந்திரன் டீயை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார். அவரால் அதற்கு மேல் கத்த முடியவில்லை. ஜெக்கரியாவிடம் குரல் உயர்த்த முடியாதபடி ஒரு விசயம் நடுவில் இருந்தது. அது இன்னாசி விசயம்.

இன்னாசி அவருடைய ஒரே பிள்ளை. ஏசி மெக்கானிக் படித்தவன். தொண்ணூற்று நாலில் ஜெக்கரியா அவனுக்கு சிங்கப்பூர் கப்பல் தளத்தில் ஒரு நல்ல வேலை பிடித்துக் கொடுத்தார். இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி. இன்னாசிக்கு இருபது வயது ஐந்து மாதம். பதிவேட்டில் ஒரே ஒரு எண்ணை மாற்றி சர்ட்டிபிகேட் கொடுத்தால் போதும். பிலவேந்திரனின் மனைவி அமலோற்பவம் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். ஊரான் பிள்ளைக்கு மாட்டேன் என்றவன் என் பிள்ளைக்கு மாற்றினால் நான் என்ன மனுஷன் என்று பிலவேந்திரன் கேட்டார். சாவி அரைஞாணிலேயே இருந்தது. சிங்கப்பூர் கைவிட்டுப் போனது. மறு வருசம் கிடைத்த சவூதிக்கு இன்னாசி போனான். அப்பாவிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்றுவரை உறுத்துகிறது.

தொண்ணூற்றேழில் அவனுடைய கஃபீல் இறந்துபோனார். அங்கே வேலைக்கு எடுத்தவருக்கு அதுதான் பெயர். பாஸ்போர்ட் அவர் கையில்தான் இருக்கும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நாட்டைவிட்டே கிளம்ப முடியும். செத்துப்போனவர் கையெழுத்துப் போடுவாரா? இன்னாசி வேலை பார்த்த கடை எனக்கு உனக்கு என்று அவருடைய பிள்ளைகள் இருவருக்குள் வழக்கு மூண்டது. வேலைக்காரர்களின் பாஸ்போர்ட்டும் அந்த வழக்கோடு போய்ச் சிக்கிக்கொண்டது. எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெக்கரியா பாய் தன் ஆட்களை வைத்து மோதிப் பார்த்தார். எம்பசிக்கு எழுதினார். ஒன்றும் அசையவில்லை. மூன்று வருசமாக இன்னாசி சம்பளமும் சரியாக இல்லாமல், ஊரும் திரும்ப முடியாமல், மாதம் ஒருமுறை துரைராசு வீட்டு டெலிபோனுக்குக் கூப்பிட்டு, "நல்லாருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நோட்டில் இருந்த கதை, இன்னாசி அங்கே சிக்கிக்கொண்டது முதல், பிலவேந்திரனுக்குக் கதையாக இல்லை. மேலே ரெண்டு பேர் சண்டை போட, நடுவில் ஒருவன் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் கிடந்து, கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறான். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அவர் திறப்பதே இல்லை. பயம். அதைப் பயம் என்று ஒப்புக்கொள்ள முடியாமல் கல்லறைக்கு வருகிறவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தார்.

அமலோற்பவமோ சனிக்கிழமை காலையில் கல்லறையைக் கூட்டிக் கழுவிவிட்டு, கருத்துச் சீட்டுகளோடு தன் சீட்டையும் போட்டுவிடுவாள். எல்லோரும் போவதற்கு வேண்டிக்கொள்ளும்போது அவள் ஒருத்திதான் வருவதற்கு வேண்டிக்கொண்டாள். 'மகன் இன்னாசி ஊர் திரும்ப வேண்டி, பெற்றோர்.'

"பெற்றோர்னு ஏன் போடுற? நான் கேக்கலையே" என்பார் பிலவேந்திரன்.

"கேக்காதவங்க பேசாம வாசிங்க" என்பாள் அவள்.

எண்பது சீட்டுக்கு நடுவில் அந்த ஒன்றை மட்டும் அவர் வேகமாக வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

இரண்டாயிரமாவது வருசம் ஐப்பசியில் மேற்றிராணியார் இறந்து இருநூற்றைம்பது வருசம் நிறைந்தது. விழா எடுக்க வேண்டும், ஊருக்கே அசனச் சோறு போட வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. அசன அரிசிக்குத் துரைராசு ரெண்டு மூட்டை கொடுத்தார். பங்குச் சாமியார், "உபதேசியாரே, மேத்ராணியாரோட வாழ்க்கையப் பத்தி ஒரு பத்து நிமிசம் நீங்கதான் வாசிக்கணும்" என்றார்.

பிலவேந்திரனுக்கு உள்ளுக்குள் ஒரு ஆங்காரமே பிறந்தது. வரட்டும். எல்லாப் பயல்களும் வரட்டும். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு அன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும். நோட்டைப் பார்த்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதினார். கடைசிப் பக்கத்தையும் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியே எழுதினார். கல்லறைக் கல்லில் 'இங்கே துஞ்சுகிறார்' என்ற வரியும் இறந்த தேதியும் மங்கியிருந்தன. ஏணி வைத்து மின்விளக்குப் போட்டு, அந்த எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்ததும் அவர்தான். எல்லோரும் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் அடித்தார்.

விழா அன்று கோயில் கொள்ளவில்லை. ஜெக்கரியா பாய் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து வாசலோரம் நின்றுகொண்டார். துரைராசு வேட்டியைத் தழைத்துவிட்டு முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். பூசைக்கு வரும்போதெல்லாம் எந்த இடத்தில் ஆமென் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. சத்தம் நின்றால் சொல்லிவிடுவார். அமலோற்பவம் அசனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பாயில் உட்கார்ந்தாள்.

பிலவேந்திரன் வாசிக்க ஆரம்பித்தார். "கல்லில் இருப்பது பிளேன் அல்ல, தொப்பி" என்றபோது சனம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று மேலே போனார். கடலில் வாந்தி எடுத்தது, கரையில் காத்திருந்த கடிதம், ராஜாவும் ரோமாபுரியும் போட்ட சண்டை, சேர்க்காத சாமியார்கள், ஆற்றங்கரைக் குடிசை. சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்பத்து மூன்று கடிதங்களைப் பற்றிச் சொன்னபோது பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இவர் எதிர்பார்த்தது ஏமாற்றம். இங்கேயானால் ஆளுக்கு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவனவன் வீட்டில் ஒருத்தன் வெளிநாட்டில் இருக்கிறான், இல்லை போகப் பார்க்கிறான். இந்தச் சனத்துக்கு உண்மையைச் சொன்னாலும் பிரயோசனமில்லை என்று பிலவேந்திரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பன்னிரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். "ஆயிரத்து எழுநூற்று ஐம்பதாம் வருசம், ஐப்பசி மாதம்" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். அமலோற்பவம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரைராசு வீட்டில் டெலிபோன் மணி அடிக்குமா என்று உட்கார்ந்திருக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. கல்லறைக்கும் அவளுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

பிலவேந்திரன் காகிதத்தைப் பார்த்தார். அதில் காய்ச்சல் என்று எழுதியிருந்தது.

"ஐப்பசி மாதம்" என்றார் மறுபடியும். "கோவாவிலிருந்து கடிதம் வந்தது. ராஜாவின் உத்தரவு வந்தது. மேற்றிராணியார் கப்பலேறினார். காற்று நன்றாக இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்தார்."

காகிதத்தை மடித்தார். கோயிலில் சத்தமே இல்லை. பத்தடி தூரத்தில், அவர் கையால் அடித்த கறுப்புப் பெயின்டில், இங்கே துஞ்சுகிறார் என்று பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. தேதியும் தெரிந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தைகூட அதைப் படித்துவிடும். பங்குச் சாமியார் வாய் திறந்தபடி அவரைப் பார்த்தார். எழுபத்தி நாலு என்று அடக்கத்தில் திருத்திய மனுஷன், முந்நூறு பேருக்கு முன்னால், கல்லறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நின்றார். யாராவது எழுந்து கேட்கட்டும் என்றுகூட ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. அவர் அந்த இடத்தில் இருந்தால் கேட்டிருப்பார்.

"ஆமென்" என்றார் துரைராசு.

அதற்குப் பிறகு கோயிலே ஆமென் என்றது. அவரிடம் சர்ட்டிபிகேட் கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் சொன்னார்கள். நாலு வருசமாக அவரோடு பேசாதவர்கள் சொன்னார்கள்.

அசனப் பந்தியில் ஜெக்கரியா பாய் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேலி செய்வதற்கு வாழ்நாளில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்காது. ஆனால் அவர், "சாம்பார் போட்டுக்கங்க, உபதேசியாரே" என்று மட்டும்தான் சொன்னார்.

ராத்திரி வீட்டில் பிலவேந்திரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. இத்தனை வருசம் ஒரு எண்ணை மாற்றாமல் காத்துவைத்தது எல்லாம் ஒரு நிமிசத்தில் போய்விட்டது. அதுவும் மாற்றியிருக்க வேண்டிய காலத்தில் மாற்றாமல், ஒரு பிரயோசனமும் இல்லாத இடத்தில் போய் மாற்றியிருக்கிறார். அமலோற்பவம் அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கூட்டிக் கழுவி அந்தக் கல்லை அவள் தொடாத சனிக்கிழமை கிடையாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் தெரியும். ஏதாவது கேட்கப்போகிறாள் என்று தெரிந்து, பிலவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க" என்றாள் அவள். "மேத்ராணியாரு ஊரு போய்ச் சேந்தப்ப, அவங்க அம்மா உசுரோட இருந்தாங்களா?"

பிலவேந்திரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். நோட்டில் அந்த அம்மாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"இருந்தாங்க" என்றார். "வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க."